சிறு காடு எத்தனை உயிரைத் தாங்கும்?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் 101-ஆம் எண் பேருந்தில் ஏறினால், பத்து பெரிங்கி கடற்கரையைத் தாண்டித் தெலுக் பகாங் போய்ச் சேரலாம். அந்த ஊர்ச் சாலையில் ஓரிடத்தில், இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் நடுவே, தடித்த பட்டை ஒன்று முறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. தீயணைப்பு வேலைக்குப் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட தண்ணீர்க் குழாய்களால் ஆன பாலம் அது. லங்கூர் புரொஜெக்ட் பினாங் என்னும் ஆய்வுக் குழு 2019-இல் அதை அமைத்தது.

பாலம் இலைக்குரங்குகளுக்கானது. கருஞ்சாம்பல் நிற உடல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், நீண்ட வால். குட்டி மட்டும் பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். மலாய்க்காரர்கள் லோத்தோங் என்பார்கள். உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இந்தக் குரங்கும் சேர்ந்துவிட்டது. மரத்தை விட்டு இறங்க விரும்பாத பிராணி இது. சாலையைக் கடக்க வேண்டி வரும்போது மின்கம்பியில் நடக்கும், இல்லையென்றால் தரையில் ஓடும். இரண்டிலும் உயிர் போகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். சாலையின் அகலம் சில மீட்டர்தான். இருபுறமும் மரங்கள் நிற்கின்றன. தின்ன இலையும் இருபுறமும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குரங்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கத்துக் குரங்கு இந்தப் பக்கமும் இருந்துவிட்டால் என்ன? காட்டின் மொத்தப் பரப்பு குறையவில்லையே? எளிய கேள்விதான். ஆனால் காடுகளை எப்படிக் காப்பது என்று இன்றைய அறிவியல் சொல்வதில் பெரும்பகுதி இதற்கான விடையில் அடங்கியிருக்கிறது.

கடைத்தெருக் கணக்கு

விடை தீவுகளிலிருந்து வந்தது. பெரிய தீவில் உயிரினங்கள் அதிகம், சிறிய தீவில் குறைவு என்பது இயற்கையியலாளர்கள் நெடுநாளாக அறிந்தது. பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகும் என்று ஓர் உத்தேசக் கணக்கும் வைத்திருந்தார்கள். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போகவும் எண்ணிக்கை குறைந்தது. காரணம் மட்டும் தெளிவாகவில்லை. ராபர்ட் மெக்ஆர்தர், எட்வர்ட் வில்சன் என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள் 1967-இல் வெளியிட்ட நூல் அதற்கு விளக்கம் தந்தது. தீவு உயிர்ப்புவியியல் என்ற துறைக்கு அடித்தளம் அந்த நூல்தான்.

அவர்கள் சொன்னது நம்மூர்க் கடைத்தெருவை நினைத்தால் புரிந்துவிடும். ஜார்ஜ் டவுனின் லெபோ பாசாரில் ஆண்டுதோறும் சில கடைகள் மூடப்படுகின்றன. நடத்த வாரிசு இல்லை, வாடகை கட்ட முடியவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது என்று ஆயிரம் காரணம். வேறு சில கடைகள் புதிதாகத் திறக்கப்படுகின்றன. பத்து வருடம் கழித்துப் போனால் பெயர்ப்பலகைகள் பல மாறியிருக்கும். கடைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறியிருக்காது. திறப்பதும் மூடுவதும் சமமாகும் இடத்தில் எண்ணிக்கை நிற்கிறது. இப்போது அந்தத் தெருவுக்கு வரும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இருக்கும் கடைகள் அன்றைக்கே மூடிவிடாது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் தெரு பழைய தெருவாகவே தெரியும். ஆனால் மூடுகிற கடை மூடிக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக்குப் புதியவர் எவரும் வரமாட்டார்.

தீவில் ஓர் இனம் அற்றுப்போவது கடை மூடுவது. வெளியிலிருந்து ஓர் இனம் வந்து குடியேறுவது கடை திறப்பது. தீவு தூரத்தில் இருந்தால் வருகை குறையும். தீவு சிறியதாக இருந்தால் அழிவு கூடும்.

சிறிய இடத்தில் அழிவு ஏன் கூட வேண்டும்? ஒரு காட்டில் இருப்பது இருபதே குரங்குகள், ஒரு வருடத்தில் பிறப்பது ஐந்தே குட்டிகள் என்று கொள்வோம். ஐந்தும் ஆணாகவே பிறக்கும் வாய்ப்பு முப்பத்திரண்டில் ஒன்று. வருடா வருடம் சோதிக்கப்படும்போது அது சிறிய வாய்ப்பல்ல. ஐம்பது குட்டிகள் பிறக்கும் காட்டில் அத்தனையும் ஆணாவது நடக்கவே நடக்காது எனலாம். இதனுடன் ஒரு நோய், ஒரு புயல், பழம் பொய்த்த ஒரு பருவம் சேர்ந்தால் சிறு கூட்டம் மீளாது. பிழைத்தாலும் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகிப் பெருகி நலிந்துபோகும். வெளியிலிருந்து எப்போதாவது ஓர் ஆண் குரங்கோ பெண் குரங்கோ வந்து சேர்ந்தால் போதும், இந்த ஆபத்து பெருமளவு விலகிவிடும். சாலையின் மறுபக்கத்துக் குரங்கு ஏன் இந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

எப்படித் தெரியும்?

கருத்து அழகாக இருந்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். வில்சனும் அவருடைய மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் ஃபுளோரிடாவின் கரையோரத்தில் அந்தச் சோதனையைச் செய்தார்கள். அங்கே குட்டிக் கண்டல் திட்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை வகைப் பூச்சிகளும் சிலந்திகளும் வாழ்கின்றன என்று முதலில் எண்ணினார்கள். பிறகு, 1966-இல் தொடங்கி, திட்டு முழுவதையும் கூடாரத் துணியால் மூடி நச்சுப்புகை செலுத்தி அத்தனையையும் கொன்றார்கள். மரங்கள் மட்டும் மிஞ்சின. பிறகு மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் எண்ணினார்கள். ஒரு வருடம் முடிவதற்குள், மிகத் தொலைவில் இருந்த திட்டைத் தவிர மற்றவற்றில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. வந்து சேர்ந்த இனங்களோ பெரும்பாலும் வேறு. எண்ணிக்கை ஒன்று, பெயர்கள் வேறு. கோட்பாடு சொன்னபடியே நடந்திருந்தது.

பூச்சிக்குச் சரி, காட்டு விலங்குக்கு? அதற்கான சான்று நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் சூராட் தானி மாநிலத்தில் கிடைத்தது. 1986, 1987-இல் அங்கே அணை கட்டி ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கவிட்டார்கள். சியாவ் லான் என்ற அந்த நீர்த்தேக்கத்தில், மூழ்காத குன்றுகளின் உச்சிகள் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாக மிஞ்சின. சில ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அவற்றில் சில தீவுகளைத் தேர்ந்து, கூண்டு வைத்துச் சிறு பாலூட்டிகளைப் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அதே தீவுகளில் மீண்டும் கூண்டு வைத்தார்கள். முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. 10 ஹெக்டேருக்குக் குறைவான தீவுகளில் ஏறக்குறைய எல்லாச் சிறு பாலூட்டி இனங்களும் ஐந்தே ஆண்டுகளில் போய்விட்டிருந்தன. 10 முதல் 56 ஹெக்டேர் வரையிலான தீவுகளில் அதே இழப்புக்கு 25 ஆண்டுகள் ஆயின. அவற்றின் இடத்தைப் பிடித்திருந்தது வெளியிலிருந்து புகுந்த ஒரே வகை எலி.

மரங்கள் அப்படியே நின்றன. படகிலிருந்து பார்ப்பவருக்கு அவை பசுமையான தீவுகள். உள்ளே காடு காலியாகியிருந்தது. முதல் கணக்கெடுப்பு நடந்திருக்காவிட்டால் இழப்பு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. இப்படி, பாதிப்பு முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் தவணையாக வந்துகொண்டே இருக்கும் இழப்பை அறிவியலாளர்கள் அழிவுக் கடன் என்கிறார்கள்.

ஓரத்தில் தொடங்கும் சேதம்

தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதில்லை. அடுக்குமாடி, சாலை, தரிசு இவற்றுக்கு நடுவே மிஞ்சிய காடும் அதில் வாழும் பிராணிக்குத் தீவுதான். ஆனால் தரையில் உள்ள இந்தத் தீவுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு.

1979-இல் உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய், பிரேசிலின் மனௌஸ் நகருக்கு அருகே ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். மேய்ச்சல் நிலத்துக்காக அமேசான் காடு வெட்டப்பட்டபோது, 1, 10, 100 ஹெக்டேர் அளவில் துண்டுகளை வெட்டாமல் விட்டுவைக்கச் செய்து, அவற்றுக்கு என்ன ஆகிறது என்று ஆண்டாண்டாகக் கவனித்தார்கள். காட்டின் உட்புறம் நிழலும் ஈரமுமாக இருக்கும், காற்று அடங்கியிருக்கும். வெட்டிய விளிம்பில் வெயிலும் காற்றும் பக்கவாட்டில் நுழைந்தன. மண் காய்ந்தது. பெரிய மரங்கள் சாய்ந்தன. அந்த இடைவெளியில் கொடிகளும் களைகளும் ஏறின. இதற்கு ஓர விளைவு என்று பெயர். அதன் கடுமை பெரும்பாலும் விளிம்பிலிருந்து நூறு மீட்டருக்குள் தெரிந்தது. சிலவகைப் பாதிப்புகள் அதையும் தாண்டி உள்ளே போயின.

நூறு மீட்டர் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஹெக்டேர் சதுரக் காடு என்றால் ஒரு பக்கம் ஒரு கிலோமீட்டர். நாலா பக்கமும் நூறு மீட்டரைக் கழித்தால் பாதிக்கப்படாத உட்காடு 64 ஹெக்டேர். 10 ஹெக்டேர் காட்டில் இதே கழிவுக்குப் பின் மிஞ்சுவது ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவு. 1 ஹெக்டேர் காட்டில் உட்காடே கிடையாது, முழுவதும் ஓரம்தான். ஒரு காட்டின் நடுவே சாலை போட்டால், சாலை விழுங்குவது அதன் அகலத்தை மட்டுமல்ல. இருபுறமும் புதிய ஓரங்களையும் உண்டாக்கிவிடுகிறது.

தீவுக்குள் தீவு

இனி நம் ஊருக்கு வருவோம். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பினாங்கு அப்போது தீவே அல்ல, தீபகற்பத்தோடு ஒட்டிய மலை. பனி உருகிக் கடல் ஏறியபோதுதான் துண்டானது. தீபகற்பத்தின் காடுகளில் இன்றும் யானையும் தாபிரும் இருக்கின்றன. பினாங்கின் காடுகளில் இல்லை. பெரிய விலங்குகளைத் தாங்கும் பரப்பு இங்கே இல்லை. வழி அடைபட்ட கடைத்தெருவின் கணக்கு இங்கே ஒருமுறை ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கிறது.

இப்போது தீவுக்குள்ளேயே காடு துண்டாகிவருகிறது. வடமேற்கு மூலையில் இருக்கிறது பினாங்கு தேசியப் பூங்கா. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இந்தக் காட்டைக் காக்க மலேசிய இயற்கைக் கழகத்தினரும் அறிவியல் பல்கலைக்கழகத்தினரும் பாடுபட்டார்கள். 2003-இல் அது தேசியப் பூங்காவானது. நிலப்பரப்பு சுமார் 1,200 ஹெக்டேர். தீபகற்பத்தின் நடுவே உள்ள தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். பினாங்குப் பூங்காவைப் போல் முந்நூற்று ஐம்பது மடங்குக்கும் மேல். பூங்காவின் ஒருபுறம் கடல். மறுபுறம் தீவின் நடுமலைக் காடுகள் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் இடையே தெலுக் பகாங் ஊரும், பாலிக் பூலாவ் போகும் சாலையும், வீடுகளும், பழத்தோட்டங்களும் வந்துவிடுகின்றன.

இவ்வளவு சிறிய காட்டைக் காப்பதால் என்ன பயன் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே பெரிய காப்பகம் நல்லதா, அதே பரப்பில் பல சிறிய காப்பகங்கள் நல்லதா என்று 1970-களில் அறிவியலாளர்களிடையே கடும் விவாதமே நடந்தது. யானைக்கும் புலிக்கும் பெரிய காடு வேண்டும், ஐயமில்லை. ஆனால் ஓரிடத்தில் மட்டுமே உள்ளதைக் காக்க அந்த இடத்தைத்தான் காக்க வேண்டும். தேசியப் பூங்காவின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் நன்னீர் மேலும் கடல்நீர் கீழுமாக நிறையும். அடர்த்தி வேறுபடுவதால் இரண்டும் கலப்பதில்லை. இத்தகைய ஏரிகள் ஆசியாவிலேயே அரிது. பினாங்குக் கொடிமலையில் வாழும் ஒருவகை வளைவிரல் பல்லி இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கே அழிந்தால் அது உலகத்தில் அழிந்தது.

ஆக, சிறிய காட்டைக் கைவிடவும் முடியாது. தனியே விட்டால் அது தாங்கவும் தாங்காது. மிஞ்சியிருக்கும் ஒரே வழி, இணைப்பது.

இணைப்பு உண்மையிலேயே பயன் தருமா?

தருகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரே அளவான திட்டுகளை உருவாக்கி, சிலவற்றை மட்டும் 25 மீட்டர் அகலமான வழித்தடத்தால் இணைத்து, மற்றவற்றைத் தனியே விட்டுப் பார்த்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, இணைந்த திட்டுகளில் தாவர இனங்கள் 14 விழுக்காடு கூடுதலாக இருந்தன. நடக்கத் தெரியாத செடிக்கே வழித்தடம் இவ்வளவு உதவுகிறது. பறவையும் பூச்சியும் விதையையும் மகரந்தத்தையும் சுமந்து அதன் வழியே போகின்றன.

சிங்கப்பூரில் 1986-இல் விரைவுச்சாலை ஒன்று புக்கிட் தீமா காட்டை நடுவண் நீர்ப்பிடிப்புக் காடுகளிலிருந்து பிரித்தது. 2013-இல் அதே சாலைக்கு மேலே 62 மீட்டர் நீளத்துக்கு மரம் செடி நட்ட பாலம் கட்டினார்கள். அலுங்கு உட்பட விலங்குகள் அதன் வழியே நடமாடுகின்றன. தமிழ்நாட்டின் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிக்கிய புதுத்தோட்டக் காட்டின் சிங்கவால் குரங்குகளுக்கும் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. தெலுக் பகாங் பாலத்தில் பொருத்திய தானியங்கிக் கேமராக்களில் இலைக்குரங்கு, நீண்டவால் குரங்கு, அணில் மூன்றுமே பதிவாகியுள்ளன.

ஆனால் எல்லா இடத்துக்கும் பாலம் கட்டி முடியாது. இரண்டு காடுகளுக்கு நடுவே உள்ள இடைநிலம் எப்படி இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. சியாவ் லானில் அது தண்ணீர். நடுக்காட்டு எலியோ அணிலோ கடக்க முடியாது. தெலுக் பகாங்கிலும் பாலிக் பூலாவிலும் அது பெரும்பாலும் துரியான், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம். உயர்ந்த மரங்கள் நிற்கும் பழைய தோட்டத்தைப் பல பிராணிகள் கடந்து போகும். தோட்டக்காரருக்கும் அதில் ஆதாயம் உண்டு. துரியான் இரவில் பூக்கிறது. அதன் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது முக்கியமாக வௌவால்கள். வௌவால் இல்லாமல் துரியான் காய்ப்பு குறைந்துபோகும்.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ அங்கீகரித்த பினாங்கு கொடிமலை உயிர்க்கோளக் காப்பகம் இந்த அறிவியலின்படி அமைந்ததே. நிலமும் கடலுமாக 12,481 ஹெக்டேர். கொடிமலைக் காடுகள், தண்ணீர்மலைக்குப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா, தேசியப் பூங்கா, அதை ஒட்டிய கடல் எல்லாம் இதில் அடக்கம். உயிர்க்கோளக் காப்பகத்துக்கு மூன்று வளையங்கள் உண்டு. நடுவே யாரும் கை வைக்கக் கூடாத மையப் பகுதி. அதைச் சுற்றி, ஆய்வும் கல்வியும் கட்டுப்பாடான சுற்றுலாவும் நடக்கும் காப்பு வளையம். அதற்கும் வெளியே, மக்கள் வாழ்ந்து தொழில் செய்யும் மாற்றப் பகுதி. தேசியப் பூங்கா வேலி போட்டு உள்ளே காக்கிறது. உயிர்க்கோளக் காப்பகம் வேலிக்கு வெளியே உள்ளவர்களையும் பொறுப்பில் சேர்க்கிறது.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது. பினாங்கு மாநிலத் திட்டத்தில், கடல் மட்டத்துக்கு 76 மீட்டருக்கு மேல் உள்ள மலைநிலத்தில் பொதுவாகக் கட்டடம் கூடாது என்று விதி உண்டு. நல்ல விதி; மலைச்சரிவுகளையும் நீரூற்றுகளையும் அது காக்கிறது. ஆனால் ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் இடையே உள்ள பள்ளத்தாக்கு பல இடங்களில் 76 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. குரங்கும் பறவையும் விதையும் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அந்தத் தாழ்ந்த நிலம் வழியாகத்தான். உச்சிகளை மட்டும் காத்து இடையில் உள்ளதைக் கட்டடமாக்கினால், சட்டப்படியே நாம் தீவுகளை உண்டாக்கியவர்கள் ஆவோம். மரங்கள் நிற்கும், பெயர்ப்பலகை இருக்கும், கடன் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு சிறிய காட்டின் விதி அதன் எல்லைக்கு வெளியேதான் தீர்மானமாகிறது. எனவே வெளியே இருக்கும் நமக்கு வேலை இருக்கிறது. தெலுக் பகாங் சாலையில் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள். இலைக்குரங்குக்கு ரொட்டியோ பழமோ போடாதீர்கள். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் அதன் வயிற்றுக்கு அது தீங்கு, மனிதரை நம்பிச் சாலைக்கு இறங்கும் பழக்கம் அதைவிடத் தீங்கு. வீட்டோரத்திலும் சாலையோரத்திலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் பெரிய மரங்களை வெட்டாமல் கிளை கழித்து வைத்திருங்கள். பழத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய மரங்களை நிற்கவிடுங்கள். வட்டார நிலத்திட்டம் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, மலையுச்சியை மட்டும் பார்க்காமல் இரு காடுகளுக்கு நடுவே உள்ள தாழ்நிலத்துக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்து, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தத் தீவில் மரங்கள் மட்டும் போதாது, உயிருள்ள காடு வேண்டும்.